கந்தலில் பிறந்த கம்பளி

ஒரு சட்டைக்குத் துணி வெட்டும்போது துணி முழுவதும் சட்டையாகிவிடுவதில்லை. கழுத்துக்கு வளைத்தும், தோளுக்குச் சரித்தும், கைக்குக் குடைந்தும் வெட்டுகையில் ஓரங்களில் மிஞ்சும் துண்டுகள் மேசைக்கு அடியில் விழுகின்றன. ஊர்த் தையற்கடையில் அது ஒரு கைப்பிடி அளவு. ஏற்றுமதிக்குத் தைக்கும் ஆலையிலோ அது நாள்தோறும் பல மூட்டை. வெட்டப்படும் துணியில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு வரை இவ்வாறு மிஞ்சுகிறது என்பது ஆடைத் தொழிலில் வழங்கும் பொதுவான கணக்கு.

இதற்குத் தொழிலாளியின் கவனக்குறைவு மட்டுமே காரணமன்று. வடிவ கணிதமும் ஒரு காரணம். ஒரு துணியில் ஒரே அளவுள்ள வட்டங்களை நேர் வரிசைகளாக அடுக்கி வெட்டினால் துணியில் 78.5 விழுக்காடு மட்டுமே வட்டங்களாகும். தேன்கூட்டு அறைகளைப் போல் வரிசைகளை மாற்றி நெருக்கினால் 90.7 விழுக்காடு வரை செல்லலாம். அதற்கு மேல் எந்தத் திறமையாலும் நெருக்க முடியாது. சட்டையின் பகுதிகள் வட்டங்கள் அல்ல. ஆயினும் விதி ஒன்றே. வளைந்த வடிவங்கள் ஒரு பரப்பை முழுமையாக நிரப்புவது அரிது.

இப்படி மிஞ்சும் துண்டுகளையும், உடுத்துக் கிழிந்த பழைய ஆடைகளையும் மறுபடி பஞ்சாக்கி, நூலாக்கி, துணியாக்க முடியுமா? இது இன்று புதிதாகக் கேட்கப்படும் கேள்வி என்றே பலரும் எண்ணுகிறோம். உண்மையில் இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே இதற்கு விடை கண்டு, அந்த விடையைக் கொண்டே பிழைத்த ஊர்கள் உண்டு. அவை எவ்வாறு வாழ்ந்தன, எதனால் தளர்ந்தன என்பதை இக்கட்டுரையில் காண்போம். இன்று துணிக் கழிவைப் பற்றிப் பேசுகிறவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்திகள் அதில் பல உள்ளன.

பருத்திக் கந்தலும் கம்பளிக் கந்தலும்

பழந்துணிக்கு விலை இருந்த காலம் மிகப் பழையது. மரக்கூழிலிருந்து காகிதம் செய்யும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவும் வரை ஐரோப்பாவில் காகிதத்துக்கு மூலப்பொருள் கந்தல்தான். வீடு வீடாகச் சென்று கந்தல் வாங்குவோர் அங்கே ஒரு தனிக் கூட்டமாகவே இருந்தனர். பழைய புடவையைப் போட்டு எவர்சில்வர் பாத்திரம் வாங்கும் வழக்கம் நம் ஊர்த் தெருக்களிலும் உண்டல்லவா? அதற்கு அவர்களை மூத்த உறவினர் எனலாம்.

ஆனால் காகித ஆலை எல்லாக் கந்தலையும் ஏற்றுக்கொள்ளவில்லை. பருத்தியும் சணல்நார் போன்ற தாவர இழைகளும் செல்லுலோஸ் என்னும் பொருளால் ஆனவை. அந்த இழைகளை நீரில் அடித்துக் கூழாக்கிப் பரப்பினால் ஒன்றோடொன்று பிணைந்து காகிதமாகும். கம்பளியோ ஆட்டின் உரோமம்; நம் தலைமயிரைப் போலக் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அது காகிதமாவதில்லை. ஆகவே பருத்திக் கந்தலுக்கு விலை இருந்தது. கம்பளிக் கந்தலுக்கு இல்லை. வயலில் எருவாகப் போடவும், குதிரைச் சேணத்துக்குள் திணிக்கவுமே அது பயன்பட்டது.

ஒரு பொருள் மலிவாகக் குவிந்து கிடக்க வேண்டும். அதே வேளையில் அதற்கு நிகரான புதுப்பொருள் கிடைக்காமல் போக வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே நேரும்போது புதுத் தொழில் பிறக்கிறது. கம்பளிக்கு அந்த வேளை நெப்போலியன் போர்க் காலத்தில் வாய்த்தது. 1806 முதல் நெப்போலியன் பிரிட்டனுக்கு எதிராக ஐரோப்பியத் துறைமுகங்களை அடைக்க முற்பட்டார். வெளிநாட்டுக் கம்பளி வரத்து தடைப்பட்டது, விலை ஏறியது. படைவீரர்களுக்கோ சீருடையும் போர்வையும் முன்னைவிட மிகுதியாகத் தேவைப்பட்டன.

பேட்லி, 1813

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் பேட்லி, டியூஸ்பரி என்று அருகருகே இரண்டு ஊர்கள் உள்ளன. இரண்டிலும் கம்பளி நெசவுதான் தொழில். பேட்லியில் வாழ்ந்த பெஞ்சமின் லா என்னும் துணி உற்பத்தியாளர் 1813 அளவில் ஒரு புதுமையைச் செய்தார். பழைய கம்பளிப் பின்னலாடைகளைக் கிழித்து இழை இழையாகப் பிரித்தார். அதில் கொஞ்சம் புதுக் கம்பளியைக் கலந்தார். அந்தக் கலவையை நூற்றுத் துணி நெய்தார். இலண்டனில் சேணத்துக்குள் திணிப்பதற்காகக் கந்தலைக் கிழிப்பதைக் கண்டபோது அவருக்கு இவ்வெண்ணம் தோன்றியதாகச் சொல்வர். திணிக்கப் பயன்படும் இழை நூற்கவும் பயன்படாதா என்பதே அவர் கேட்ட கேள்வி.

இவ்வாறு மீட்கப்பட்ட கம்பளிக்கு ‘ஷாடி’ என்று பெயர் வழங்கியது. இதனைச் செய்யும் இயந்திரத்தைத் தொழிலாளர் ‘பிசாசு’ என்றே அழைத்தனர். அந்தப் பெயருக்கு அது தகுதியானதே. ஒரு பெரிய உருளை. அதன் மேல் ஆயிரக்கணக்கான கூரிய இரும்புப் பற்கள். உருளை மிகு விரைவில் சுழலும். கந்தலை இரண்டு சிறிய உருளைகள் இறுகப் பிடித்து மெல்ல மெல்ல முன்னே தள்ளும். பற்கள் அதனைப் பற்றிக் கிழித்து, இழைகளைப் பஞ்சாக வெளியே வீசும். கிழிபடும்போது இழைகள் அறுவதைக் குறைப்பதற்காகக் கந்தலின் மேல் முன்னதாகவே எண்ணெய் தெளிப்பர். எண்ணெய் உராய்வைக் குறைக்கும். இழை அறுபடாமல் நழுவி வெளிவரும்.

அந்த எண்ணெயால் ஓர் ஆபத்தும் இருந்தது. எண்ணெய் தோய்ந்த கந்தலைக் குவியலாக வைத்தால் எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் மெல்லச் சேர்ந்து வெப்பத்தை வெளியிடும். கம்பளி வெப்பத்தை எளிதில் கடத்தாது. குவியலின் நடுவில் வெப்பம் சேர்ந்துகொண்டே போய், யாரும் தீ வைக்காமலே அது பற்றிக்கொள்ளும். குளிரைத் தடுக்கும் போர்வையின் அதே பண்பு இங்கே தீக்குக் காரணமாயிற்று.

நூல் ஏன் அறுவதில்லை?

கிழித்த கம்பளியோடு புதுக் கம்பளியை ஏன் கலக்க வேண்டும்? இதனை அறிய, நூல் என்பது என்ன என்று சற்றே நின்று பார்க்க வேண்டும்.

சிறிது பஞ்சை எடுத்து இரு கைகளாலும் இழுத்துப் பாருங்கள். உடனே பிரிந்து வந்துவிடும். அதே பஞ்சை விரல்களுக்கு இடையே முறுக்கிவிட்டு இழுங்கள். இப்போது எளிதில் வராது. இழைகள் அவையே. நாம் சேர்த்தது முறுக்கு மட்டுமே. ஓரிரு முழமே நீளமுள்ள நார்களைக் கொண்டு நூறு முழக் கயிறு எவ்வாறு ஆகிறது என்னும் இந்தக் கேள்வியைக் கலிலியோ 1638 இல் வெளிவந்த தம் நூலில் ஆராய்ந்திருக்கிறார். முறுக்கிய நூலை இழுத்தால், இழைகள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்துக்கொள்கின்றன. இழுக்க இழுக்கப் பிடி இறுகுகிறது. நூலை நூலாக வைத்திருப்பது பசை அன்று, உராய்வு.

ஓர் இழையின் நடுப்பகுதியை அண்டை இழைகள் நன்றாகப் பற்றியிருக்கும். ஆனால் இழையின் நுனிக்குப் பிடிமானம் இல்லை. நுனியிலிருந்து உள்ளே செல்லச் செல்லப் பிடி சிறிது சிறிதாகக் கூடி, ஒரு குறிப்பிட்ட தொலைவுக்கு அப்பால்தான் முழுப்பிடி கிடைக்கும். எடுத்துக்காட்டுக்காக இத்தொலைவை 4 மில்லிமீட்டர் என்று கொள்வோம். இழையின் நீளம் 28 மில்லிமீட்டர் என்றால், இரு நுனிகளின் இழப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால், அதன் வலிமையில் ஏழில் ஆறு பங்கு, அதாவது ஏறத்தாழ 86 விழுக்காடு, நூலுக்குப் பயன்படும். அதே இழை மூன்று துண்டாக அறுந்து 10 மில்லிமீட்டருக்கும் குறைந்துவிட்டால் 60 விழுக்காடுகூடப் பயன்படாது. இழையின் பொருள் மாறவில்லை, எடை மாறவில்லை, நீளம் ஒன்றுதான் குறைந்தது.

குறை அத்துடன் நிற்பதில்லை. இழை குட்டையானால் நுனிகளின் எண்ணிக்கை பெருகும். நுனிகள் நூலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். உராயும்போது உருண்டு சிறு மணிகளாகத் திரளும். இறுதியில் தூசியாக உதிரும். இதைத் தடுக்க முறுக்கைக் கூட்டினால் நூல் முரடாகும். ஆகவே நீண்ட புது இழைகளைக் கலந்து, அவற்றைக் குட்டை இழைகளுக்குத் துணையாக நிறுத்துவதே வழி. பெஞ்சமின் லா இந்தக் கணக்கையெல்லாம் போட்டவர் அல்லர். கைப்பழக்கத்தாலும் கண்மதிப்பாலும் அவர் கண்ட உண்மை இதுவே.

தையற்கடைத் துண்டுகளுக்கு வந்த வாழ்வு

ஷாடி முதலில் பின்னலாடை போன்ற மென்மையான கந்தலிலிருந்தே செய்யப்பட்டது. பின்னல் தளர்வானது, எளிதில் பிரியும். தையற்காரர் வெட்டி எறியும் புதுக் கம்பளித் துண்டுகளோ வேறு வகை. மேற்சட்டைக்கான கம்பளித் துணியை நீரில் மிதித்து இறுக்கியிருப்பார்கள். கம்பளி இழையின் மேற்பரப்பில் மீன் செதில் போன்ற செதில்கள் உண்டு. நனைத்து மிதிக்கும்போது அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு துணி கெட்டிப்படும். அத்தகைய துணியைப் ‘பிசாசு’ கிழித்தால் இழைகள் தூள்தூளாகிவிடும்.

1830களின் நடுவில் பெஞ்சமின் லாவின் உறவினர்கள் இயந்திரத்தின் பற்களையும் ஓட்டத்தையும் திருத்தி, இந்தக் கெட்டித் துண்டுகளையும் பஞ்சாக்கினர். இதற்கு ‘மங்கோ’ என்று பெயர். மங்கோவின் இழை ஷாடியின் இழையைவிடக் குட்டையானது. ஆனால் மெல்லியது, வழவழப்பானது. ஆடை தைக்கும் இடத்தில் விழும் கழிவு, பெரிய அளவில் ஒரு தொழிலுக்கு மூலப்பொருளானது இதன் பிறகுதான்.

தொழில் வேகமாக வளர்ந்தது. ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் கந்தல் மூட்டைகள் கப்பலேறி வந்தன. பேட்லி, டியூஸ்பரி இரயில் நிலையங்களை ஒட்டிக் கந்தல் ஏலம் நடந்தது. பேட்லியைச் சேர்ந்த சாமுவேல் ஜப் என்பவர் 1860 இலேயே இத்தொழிலின் வரலாற்றைத் தனி நூலாக எழுதிவிட்டார். 1862 இன் முடிவில் இங்கிலாந்தின் கம்பளித் தொழிலில் செலவான கம்பளியில் மூன்றில் ஒரு பங்கு இந்த மீட்புக் கம்பளியே என்று கார்ல் மார்க்ஸ் ‘மூலதனம்’ நூலின் மூன்றாம் தொகுதியில் குறிப்பிடுகிறார். உற்பத்தியின் கழிவைப் பயன்படுத்துவது பற்றி அவர் எழுதிய பகுதியில் இத்தொழில் ஓர் எடுத்துக்காட்டாகிறது. கம்பளி ஆடைகள் முன்போல் நீண்ட நாள் உழைக்காமல் போனதையும் அவர் அங்கே சுட்டிக்காட்டத் தவறவில்லை.

எதுவும் வீணாகாத ஊர்

இத்தொழிலின் உயிர்நாடி இயந்திரத்தில் இல்லை. அதற்கு முன்னால் நடக்கும் தரம்பிரிக்கும் வேலையில் இருந்தது. வரும் மூட்டையைப் பிரித்து, துணியின் வகை வேறு, நிறம் வேறு எனக் கூறு கூறாகப் பிரிப்பார்கள். பொத்தான், கொக்கி, உள்துணி, தையல் ஓரம் ஆகியவற்றை வெட்டி நீக்குவார்கள். இவ்வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்தனர். தொட்ட மாத்திரத்தில் துணியின் தரத்தையும், அதில் பருத்தி கலந்திருக்கிறதா என்பதையும் சொல்லும் விரல்கள் அவர்களுடையவை.

நிறம் பிரிப்பதில் ஒரு பெரிய நன்மை இருந்தது. நீலக் கந்தலை நீலக் கந்தலோடும் கருப்பைக் கருப்போடும் சேர்த்துக் கிழித்தால், கிடைக்கும் பஞ்சு அதே நிறத்தில் இருக்கும். மறுபடி சாயம் போட வேண்டிய தேவை பெரிதும் குறையும். இந்த உண்மையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இயந்திரத்துக்கு அடியில் விழும் தூசியும் வீணாகவில்லை. கம்பளிப் புரதத்தில் எடைக்கு ஏறத்தாழ 16 விழுக்காடு நைட்ரஜன். மண்ணில் அது மெல்ல மெல்லச் சிதைந்து பயிருக்கு உரமாகும். வேக்பீல்டு நகரைச் சுற்றி ரூபார்ப் என்னும் தண்டுக் கீரை வகையைப் பயிரிட்டவர்களும், கென்ட் பகுதியில் பீருக்கான ஹாப்ஸ் கொடி வளர்த்தவர்களும் இத்தூசியை விரும்பி வாங்கினர். கம்பளிக் கழிவைப் பொட்டாஷுடனும் இரும்புடனும் சேர்த்துச் சூடாக்கி, பிரஷ்ய நீலம் என்னும் வண்ணப் பொருளுக்கு வேண்டிய உப்பையும் செய்தனர்.

ஆயினும் அந்தத் தூசியை மூச்சோடு உள்வாங்கியவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தலைவலி, குளிர், மார்பில் இறுக்கம் ஆகியவற்றோடு வந்த நோய்க்கு ‘ஷாடிக் காய்ச்சல்’ என்றே பெயர் ஏற்பட்டது. புதிதாக வேலைக்கு வருபவர்களை அது எளிதில் பற்றியது. பொருள் வீணாகாமல் இருந்தது உண்மை. மனித உடல் வீணானதும் உண்மை.

அமிலம் செய்த பிரிவினை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் பருத்திப் பாவும் கம்பளி ஊடையும் கொண்ட கலப்புத் துணிகள் சந்தையில் மிகுந்துவிட்டன. அவை கிழிந்து கந்தலாகத் திரும்பி வந்தபோது பெரும் சிக்கல் எழுந்தது. பருத்தியும் கம்பளியும் ஒரே நெசவில் பின்னிக் கிடக்கையில் விரலால் எப்படிப் பிரிப்பது?

விடை வேதியியலிலிருந்து வந்தது. நீர்த்த கந்தக அமிலத்தில் கந்தலை நனைத்துச் சூடாக்கி உலர்த்தினால், பருத்தியின் செல்லுலோஸ் சிதைந்து நொறுங்கும் கரியைப் போலாகிவிடும். கம்பளிப் புரதம் அந்த அமிலத்தைப் பெருமளவு தாங்கி நிற்கும். பிறகு உதறினால் பருத்தி தூளாக உதிரும், கம்பளி தங்கும். அமிலத்தின் மிச்சத்தைச் சோடாக் கரைசலால் போக்குவர். ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியைக் கொண்டும் இதைச் செய்வதுண்டு. இதற்குக் ‘கரியாக்கல்’ என்று பெயர்.

காரம் இதற்கு நேர்மாறானது. எரிசோடாக் கரைசலில் கம்பளி கரையும், பருத்தி தாங்கும். ஆக, எந்த இழை வேண்டுமோ அதற்கேற்ற மருந்தைத் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் ஒன்றைக் காக்க மற்றொன்றை அழித்தே தீர வேண்டியிருந்தது. கலப்புத் துணியைப் பிரிப்பதற்கு எப்போதும் ஒரு விலை உண்டு என்பது அன்றே தெரிந்துவிட்டது.

ஒரு பெயர் கெட்ட கதை

ஆங்கிலத்தில் ‘ஷாடி’ என்றால் இன்று மட்டமானது, போலியானது என்று பொருள். துணியின் பெயர் ஒரு வசைச்சொல்லாக மாறியது எப்படி?

1861 இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. வடபகுதி அரசுக்குச் சில மாதங்களுக்குள் இலட்சக்கணக்கான சீருடைகள் தேவைப்பட்டன. ஒப்பந்தக்காரர் பலர், குட்டை இழைகளை ஒட்டியும் அழுத்தியும் செய்த மிக மட்டமான துணியில் சீருடை தைத்து, நல்ல கம்பளியின் விலைக்கு விற்றனர். முதல் மழையிலேயே அவை வீரர்களின் உடலில் பிய்ந்து தொங்கின. மக்கள் கொதித்தனர். போரில் திடீர்ப் பணக்காரர் ஆனவர்களுக்கு ‘ஷாடிப் பிரபுக்கள்’ என்று பட்டம் கிடைத்தது. ‘ஷாடியின் நாட்கள்’ என்று 1863 இல் ஒரு நாவலே வெளிவந்தது.

தவறு எங்கே நேர்ந்தது என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். புதுக் கம்பளியோடு அளவாகக் கலந்து, ஒழுங்காக நெய்த ஷாடித் துணி ஏழைத் தொழிலாளிக்கு ஒரு நல்ல மேற்சட்டையைக் கொடுத்தது. அதற்கு முன் அவனால் கம்பளி வாங்கவே முடிந்திருக்காது. மட்டமான துணியை உயர்ந்த துணி என்று பொய் சொல்லி விற்றதே குற்றம். பொருளில் இருந்த குறையைவிட வாக்கில் இருந்த குறையே பெரிது. ஆனால் பழி பொருளின் மேல் விழுந்து, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்துவிட்டது.

இதற்குப் பரிகாரமாக அமெரிக்காவில் 1939 ஆம் ஆண்டின் கம்பளிப் பொருள் அடையாளச் சட்டம் வந்தது. புதுக் கம்பளியா, உடுத்தப்படாத துண்டுகளிலிருந்து மீட்டதா, உடுத்துக் கழித்த ஆடையிலிருந்து மீட்டதா என்பதைத் துணியின் சீட்டிலேயே சொல்ல வேண்டும் என்று அது விதித்தது. 1980 இல் பின்னிரண்டு பெயர்களும் ‘மறுசுழற்சிக் கம்பளி’ என்று ஒன்றாக்கப்பட்டன. மறைக்க வேண்டியதாக இருந்த பெயர் மெல்ல மெல்ல மதிப்புள்ள பெயராக மாறத் தொடங்கியது.

டெரிலின் வந்தது

1941 இல், யார்க்‌ஷயருக்கு அடுத்த லங்காஷயரில், வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இரு வேதியியலர் பாலியெஸ்டர் இழையைக் கண்டுபிடித்தனர். அதுவே பின்னர் டெரிலின் என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. பருத்தியோடு அதைக் கலந்து செய்த டெரிகாட்டன் சட்டையை நம் நாட்டில் அறியாதவர் யார்? கசங்காது, விரைவில் உலரும், நெடுநாள் உழைக்கும். 1958 இல் அமெரிக்காவில் ஜோசப் ஷிவர்ஸ், ரப்பரைப் போல் நீளும் ஸ்பாண்டெக்ஸ் இழையை உருவாக்கினார். இன்று உடலை ஒட்டிய ஆடைகளில் அது சிறிதளவேனும் கலந்திருக்கிறது.

உடுத்துகிறவருக்கு இவை வரம். கந்தலைப் பிரிப்பவருக்கோ பெரும் தலைவலி. பாலியெஸ்டரும் பருத்தியும் ஒரே நூலுக்குள் இழையோடு இழையாகக் கலந்திருப்பதால் கையால் பிரிக்க வழியே இல்லை. ஸ்பாண்டெக்ஸ் கிழிபடாமல் நீள்கிறது; பற்களில் சுற்றிக்கொள்கிறது. விரலால் தொட்டு வகை சொன்ன பெண்களின் திறமையும் தோற்றது. புதுச் செயற்கை இழையின் விலை வீழ, மீட்ட கம்பளியின் ஆதாயம் போயிற்று. பேட்லியின் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. இத்தாலியின் பிராட்டோ நகரம் மட்டும், நிறம் பிரித்துக் கம்பளி மீட்கும் கலையை இன்றும் ஒரு சிறப்புத் தொழிலாகக் காத்து வருகிறது.

பானிப்பட்டும் திருப்பூரும்

இத்தொழில் பின்னர் நம் நாட்டுக்கு இடம்பெயர்ந்தது. அரியானாவின் பானிப்பட்டு நகரம், குளிர்நாடுகளில் கழித்த கம்பளி ஆடைகளை வாங்கிப் போர்வையாக்கும் பெரிய மையமாக வளர்ந்தது. அந்த ஆடைகளை மீண்டும் உடுத்த முடியாதபடி கீறிய பிறகே கந்தலாக இறக்குமதி செய்யலாம் என்பது விதி. வெள்ளம், நிலநடுக்கம் ஆகியவற்றில் வீடிழந்தவர்களுக்கு வழங்கும் மலிவான போர்வைகளில் பெரும் பங்கு அங்கிருந்தே சென்றது. அண்மை ஆண்டுகளில் புதுப் பாலியெஸ்டர் போர்வை அதனையும் பின்னுக்குத் தள்ளியிருக்கிறது. பேட்லிக்கு நேர்ந்தது அங்கும் நேர்ந்தது.

தமிழ்நாட்டில் இக்கதை கம்பளியில் அல்ல, பருத்தியில் நடக்கிறது. திருப்பூரின் பனியன் தொழிலில் மிஞ்சும் துண்டுகளைக் ‘கட்டிங் வேஸ்ட்’ என்பார்கள். ஒரு காலத்தில் அதில் பெரும் பகுதி இயந்திரங்களைத் துடைக்கவே பயன்பட்டது. இன்று அது நிறம் பிரிக்கப்பட்டு, பற்கள் பதித்த உருளைகளில் கிழிபட்டு, பஞ்சாகி, கோவை, திருப்பூர் வட்டாரத்து ஓ.இ. மில்களில் மறுபடி நூலாகிறது.

ஓ.இ. மில் என்பது என்ன? பழைய முறை நூற்பு இயந்திரத்துக்கு நீண்ட இழை வேண்டும். 1967 இல் செக்கோஸ்லோவாக்கியாவில் வணிக அளவில் வெளிவந்த புது இயந்திரத்தில், இழைகள் தனித்தனியாகப் பிரிந்து காற்றோட்டத்தில் மிதந்து, விரைவாகச் சுழலும் ஒரு சிறு கிண்ணத்துக்குள் விழும். அங்கே அவை கிண்ணத்தின் உட்பள்ளத்தில் படிந்து, முறுக்கேறி நூலாக வெளிவரும். 4 சென்டிமீட்டர் விட்டமுள்ள கிண்ணம் நிமிடத்துக்கு 60,000 முறை சுழல்வதாகக் கொண்டால், அதன் விளிம்பில் இழை உணரும் விசை அதன் எடையைப் போல் ஏறத்தாழ 80,000 மடங்கு! இம்முறையில் குட்டை இழைகளும் ஓரளவு நூலாக அமைகின்றன. அந்த நூல் அத்தனை மெல்லியதாக இராது. விரிப்பு, துண்டு, கையுறை, திரைச்சீலை ஆகியவற்றுக்குப் போதும்.

இதில் துணியைவிடப் பெரிய ஒரு சேமிப்பு உண்டு. நொய்யல் ஆறு சாயக் கழிவால் கெட்டதையும், 2011 இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும் நாம் அறிவோம். முன்பு நினைவில் வைக்கச் சொன்ன செய்தி இங்கேதான் பயன்படுகிறது. நீலத் துண்டு நீலப் பஞ்சாகி நீல நூலாகும்போது சாயத்தொட்டிக்கே வேலையில்லை. அந்தத் துண்டுக்கு ஒருமுறை கொடுத்த நீரும், சாயமும், விறகும் மறுபடி செலவாவதில்லை.

வரலாறு தரும் பாடங்கள்

இனி, பேட்லியிலிருந்து நாம் கற்க வேண்டியவற்றைத் தொகுத்துக் காண்போம்.

முதலாவது, பிரிப்பதற்கு ஏற்ற வேளை கழிவு விழும் வேளையே. வெட்டுமேசைக்கு அருகில் பருத்தி வேறு, கலப்பு வேறு, வெள்ளை வேறு, நிறம் வேறு என நான்கு சாக்குகளில் போடுவது எளிது. எல்லாவற்றையும் ஒரே சாக்கில் திணித்துவிட்டுப் பின்னர் பிரிப்பது நூறு மடங்கு வேலை. பெரும்பாலும் நடப்பதே இல்லை.

இரண்டாவது, இழைக்கு ஆயுள் உண்டு. ஒவ்வொரு முறை கிழிபடும்போதும் அது குட்டையாகிறது. ஒரு பனியனை அப்படியே என்றென்றும் பனியனாக்கிக்கொண்டிருக்க முடியாது. பனியன் விரிப்பாகி, விரிப்பு திணிப்புப் பஞ்சாகி, அதுவும் பின்னர் மண்ணுக்கோ அடுப்புக்கோ போகும். புது இழை கலக்காமல் இந்தப் படிக்கட்டில் மேலேற இயலாது. ஆகவே மறுசுழற்சியைவிட, துணியைக் குறைவாக வீணாக்கி வெட்டுவதும், ஆடையை நீண்ட நாள் உடுத்துவதும் எப்போதும் மேலானவை.

மூன்றாவது, தொழில்நுட்பம் மட்டும் போதாது. பருத்தி மிகுந்த கழிவைக் கரைத்துப் புது இழைக்கான கூழாக்கும் பெரிய ஆலையை ரினியூசெல் என்னும் நிறுவனம் 2022 இல் சுவீடனின் சுண்ட்ஸ்வால் நகரில் திறந்தது. இழையின் நீளம் குறைவதை இம்முறை வெல்கிறது. ஏனெனில் பழைய இழையையே கரைத்துப் புதிதாக வார்க்கிறது. வேதியியல் வென்றது, ஆனால் போதிய அளவில் வாங்குவோர் இல்லாமையால் 2024 பிப்ரவரியில் நிறுவனம் திவாலாயிற்று. பின்னர் அது வேறு கைக்கு மாறியது. மலிவான புதுப்பொருள் எதிரே நிற்கும்வரை, மீட்ட பொருளுக்கு நல்ல விலையோ சட்டத்தின் துணையோ வேண்டும்.

நான்காவது, நேர்மை. 1861 இல் ஒப்பந்தக்காரர் மீட்ட துணியைப் புதிது என்று சொல்லி விற்றார்கள். இன்று காற்று திசை மாறி வீசுகிறது. ‘மறுசுழற்சி’ என்ற சீட்டு பெருமைக்குரியதாகிவிட்டது. ஆனால் மறுசுழற்சிப் பாலியெஸ்டர் என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி பழைய ஆடையிலிருந்து வந்ததன்று. பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து வந்தது. ஆடை செய்யச் செலவாகும் பொருளில் 1 விழுக்காட்டுக்கும் குறைவானதே மீண்டும் ஆடையாகிறது என்று எல்லன் மக்ஆர்தர் அறக்கட்டளை 2017 இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. சீட்டில் எழுதியது எதைக் குறிக்கிறது என்று கேட்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு.

ஐந்தாவது பாடம் மனிதரைப் பற்றியது. ஷாடிக் காய்ச்சலுக்குக் காரணமான தூசி போன்றதே பருத்திக் கழிவைக் கிழிக்கும்போது எழும் தூசியும். உருளைக்கு மூடியும், தூசியை உறிஞ்சும் காற்றோட்டமும், தொழிலாளிக்கு முகக்கவசமும் இல்லாமல் செய்யும் மறுசுழற்சி, துணியைக் காத்து ஆளை இழக்கும் தொழிலாகவே முடியும்.

திருப்பூரிலும் கோவையிலும் ஈரோட்டிலும் படிக்கும் மாணவர் பலரின் வீட்டில் யாராவது ஒருவர் வெட்டுமேசையிலோ, தையல் இயந்திரத்திலோ, நூற்பாலையிலோ வேலை பார்ப்பார். அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இன்று விழுந்த துண்டுகள் எத்தனை சாக்கில் போயின, ஒன்றிலா, நான்கிலா? ஒரே சாக்கு என்றால் அந்தத் துண்டுகளில் பல மறுபடி நூலாகப் போவதில்லை என்று அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். நான்கு சாக்குகளுக்கு ஆகும் செலவு மிகச் சிறிது.